டிடிஒய்நேம் டெர்மினல் பெயரைத் தராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சி மொழியில் டிடிஒய்நேம் ஃபங்ஷனுக்குக் கொடுப்பது ஒரே ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் எண் (சுருக்கமாக எஃப்டி; ப்ரோக்ராம் திறந்து வைத்திருக்கும் கோப்பையோ சாதனத்தையோ குறிக்கும் எண்). திரும்ப வருவது /டெவ்/பிடிஎஸ்/0 மாதிரி ஒரு பாதை. இல்லையென்றால் எதையும் சுட்டாத நல் பாயிண்டர். இவ்வளவு சின்ன ஃபங்ஷனில் இத்தனை குழப்பம் வரக் காரணம், ஆளாளுக்கு அதனிடம் வேறு வேறு கேள்வி கேட்பதுதான். "இந்த எஃப்டி திறந்து வைத்திருக்கும் டெர்மினல் சாதனத்துக்கு, இந்த ப்ராசஸ் பார்க்கிற கோப்பு அமைப்பில் என்ன பெயர்?" இது ஒன்றுக்குத்தான் அதனிடம் பதில் உண்டு. ப்ரோக்ராமை ஓட்டுபவர் எந்த டெர்மினலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வருபவை.

இங்கே சொல்வது லினக்ஸுக்கு, ஜிலிப்சி நூலகத்தோடு. மற்ற இடங்களில் மாறுவதை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். பிழை எண்கள் எக்ஸ்86, ஆர்ம் லினக்ஸில் உள்ளவை.

எதையும் திருத்துமுன்

ப்ரோக்ராமை எப்படி ஓட்டினீர்களோ அதே திசைமாற்றங்களோடு, அதாவது அதே பைப், அதே '<' குறியோடு, 'எல்எஸ் -எல் /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி' என்ற கட்டளையை ஓட்டுங்கள். 0 (ஸ்டாண்டர்ட் இன்புட்), 1 (ஸ்டாண்டர்ட் அவுட்புட்), 2 (ஸ்டாண்டர்ட் எர்ரர்) ஆகிய மூன்றும் எங்கே போகின்றன என்று அம்புக்குறியோடு காட்டும். '/டெவ்/பிடிஎஸ்/3' என்றால் டெர்மினல். 'பைப்:' என்று தொடங்கி எண் வந்தால் பைப். '/டெவ்/நல்' என்றால் அங்கே டெர்மினலே இல்லை. பாதிப் பிரச்சினை இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது எர்நோ, அதாவது கடைசியாக நேர்ந்த பிழையின் எண்ணை வைத்திருக்கும் மாறி. டிடிஒய்நேம் நல் பாயிண்டரைத் தந்தவுடனே எர்நோவை ஒரு இன்ட் மாறியில் எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலும் போச்சு: அது உள்ளுக்குள் செய்யும் வேலைகளில் எர்நோ மாறிவிடலாம். பிறகு நீங்கள் துரத்துவது வேறு யாருடைய பிழையையோ.

அறிகுறி: நல் வருகிறது, எர்நோ 25

25 என்பது ஈநாட்டிடிஒய். பிழைச் செய்தியை அச்சிடும் பெர்ரர் போட்டால் 'இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்' என்று வரும். செய்தி பயமுறுத்தினாலும் விஷயம் எளிது: கொடுத்த எஃப்டி டெர்மினலில் இல்லை. ஜிலிப்சி முதலில் அந்த எஃப்டி மேல், டெர்மினல் அமைப்புகளைப் படிக்கும் டிசிகெட்அட்ரை அழைத்துப் பார்க்கிறது. பைப், சாதாரணக் கோப்பு, சாக்கெட், /டெவ்/நல் எதுவானாலும் கெர்னல் இந்த எண்ணைத்தான் கையில் கொடுக்கும்.

வழக்கமான காரணங்கள்: ப்ரோக்ராம் க்ரானிலிருந்தோ சிஸ்டம்டி சர்வீஸாகவோ ஓடுகிறது. எஸ்எஸ்எச் கட்டளையின் கடைசியில் ஓட வேண்டியதை நேரடியாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதினால் எஸ்எஸ்எச் டெர்மினல் ஒதுக்காது, '-டி' சேர்க்க வேண்டும். உங்கள் பக்கத்திலேயே ஸ்டாண்டர்ட் இன்புட் டெர்மினலாக இல்லையென்றால் ஒரு '-டி' போதாது, '-டிடி' வேண்டும். டாக்கர் என்றால் '-ஐ' மட்டும் போட்டிருப்பீர்கள், '-ஐடி' ஆக்குங்கள். எடிட்டரின் டிபக் ஜன்னலில் ஓட்டினால் அந்த ஜன்னல் பெரும்பாலும் ஒரு பைப்தான். அமைப்பில் 'இன்டகிரேட்டட் டெர்மினல்' போல ஒரு தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

இதெல்லாம் இல்லாமல், பயனர் டெர்மினலில்தான் இருக்கிறார், ஆனால் கோப்பை உள்ளே திருப்பி விட்டிருக்கிறார் என்றால் 0 மட்டும் கெட்டிருக்கும். 0-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கைவிடாமல் 0, 2, 1 என்ற வரிசையில் பாருங்கள். 2-ஐ முன்னால் வைப்பதற்குக் காரணம், ஸ்டாண்டர்ட் எர்ரரை மக்கள் திருப்பிவிடுவது மற்ற இரண்டையும்விடக் குறைவு. ஷெல் ஸ்கிரிப்டிலும் இதே தந்திரம் உண்டு: டிடிஒய் கட்டளை ஸ்டாண்டர்ட் இன்புட்டை மட்டுமே பார்க்கும், ஆகவே 'டிடிஒய் <&2' என்று கொடுக்கலாம்.

இந்தக் கட்டளையை நம்பி மாட்டிக்கொள்ளும் பிரபலமான இடம், குறியாக்க மென்பொருளான ஜிபிஜி. 'ஜிபிஜி_டிடிஒய்' என்ற சூழல் மாறியில் டிடிஒய் கட்டளையின் வெளியீட்டை அப்படியே போடச் சொல்வார்கள். ஸ்டாண்டர்ட் இன்புட் திருப்பப்பட்ட இடத்தில் அந்த வரி ஓடினால் மாறிக்குள் 'நாட் எ டிடிஒய்' என்ற சொற்றொடரே போய் உட்கார்ந்துவிடும். கட்டளை 1 என்ற முடிவு எண்ணோடு வெளியேறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடவுச்சொல் கேட்க வேண்டிய நேரத்தில் ஜிபிஜி திணறும்போதுதான் தெரியவரும்.

எர்நோ 9 வந்தால் அது ஈபேட்எஃப், அந்த எண்ணில் எஃப்டியே திறந்திருக்கவில்லை. பின்னணியில் ஓடும் டீமனாக மாறும்போது 0, 1, 2-ஐ மூடிவிட்டு /டெவ்/நல்லைத் திறக்க மறந்த ப்ரோக்ராம்களில் பார்க்கலாம். இதை உடனே சரிசெய்யுங்கள். அடுத்துத் திறக்கிற ஏதோ ஒரு டேட்டா கோப்பு 0 அல்லது 2 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிழைச் செய்திகள் அந்தக் கோப்புக்குள் எழுதப்படும்.

அறிகுறி: பெயரை அச்சிடும் வரியில் செக்மெண்டேஷன் ஃபால்ட்

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நல் பாயிண்டரைச் சோதிக்காமல் அச்சிடுவது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிண்ட்எஃபில் 'பெயர்: %எஸ்' என்று எழுதியிருந்தால் ஜிலிப்சி பெருந்தன்மையாக '(நல்)' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டுப் போய்விடும். முன்னால் இருந்த 'பெயர்:' என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் '%எஸ்' அதன் பின் புதுவரிக்குறி என்று மாற்றுங்கள், விழுந்துவிடும். அந்த வடிவத்தைப் பார்த்தால் ஜிசிசி பிரிண்ட்எஃபைத் தூக்கிவிட்டு புட்ஸ் என்று மாற்றிப் போடும். புட்ஸுக்கு நல் பாயிண்டரைத் தாங்கும் பழக்கம் இல்லை. 'நேற்று ஓடியது, ஒரு சொல்லைத்தான் அழித்தேன்' என்கிற புகாரின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். அழித்த சொல் குற்றவாளி அல்ல. அச்சிடுமுன் ஒரு இஃப் வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது, ஹெடர் இல்லாதது. யூனிஎஸ்டிடி.எச் சேர்க்காவிட்டால், பழைய கம்பைலர்கள் டிடிஒய்நேம் ஒரு இன்ட்டைத் திருப்பித் தருவதாக எடுத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். 64 பிட் கணினியில் பாயிண்டரின் மேல் 32 பிட்டுகள் வெட்டுப்பட்டு, மிச்சம் இருப்பது எங்கேயோ காட்டும் முகவரி. இஃப் போட்டுச் சோதித்தும் விழுகிறது என்றால் இங்கே பாருங்கள்: டிபக்கரில் பாயிண்டரின் மதிப்பைப் பார்த்தால் மேல் பாதி முழுக்க 0 ஆகவோ முழுக்க எஃப் ஆகவோ இருக்கும். ஜிசிசி 14 முதல் இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிறுத்தப்படுகிறது. பழைய கம்பைலரில் இருப்பவர்கள் '-வால்' போட்டு, வரும் எச்சரிக்கைகளைப் படிக்கவும் செய்யுங்கள்.

இதன் தம்பி, சூடோ டெர்மினலின் (மென்பொருள் உருவாக்கும் டெர்மினல்) பெயரைத் தரும் பிடிஎஸ்நேம், இன்னும் மோசம். ஸ்டிட்லிப்.எச் சேர்த்திருந்தாலும், ஹெடர்களுக்கு முன்னால் _எக்ஸ்ஓப்பன்_சோர்ஸ் என்பதை 500 அல்லது அதற்கு மேல் (வழக்கமாக 600) என்று வரையறுக்காவிட்டால் ஜிலிப்சி அதன் அறிவிப்பை மறைத்துவிடும். ஹெடர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பீர்கள், பாயிண்டர் வெட்டுப்படும். வரையறை முதல் இன்க்ளூடுக்கு மேலேயே வர வேண்டும். நடுவில் போட்டால் பயனில்லை.

அறிகுறி: இரண்டு எஃப்டிக்கும் ஒரே பெயர்

ஒரே பிரிண்ட்எஃபில் டிடிஒய்நேம்(0), டிடிஒய்நேம்(3) இரண்டையும் கொடுத்தால் ஒரே பெயர் இருமுறை அச்சாகும். இரண்டு அழைப்புகளும் ஒரே உள் பஃபரின் முகவரியைத்தான் தருகின்றன. இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். 0-ம் 3-ம் ஒரே டெர்மினலாக இருக்கும்வரை தவறு வெளியே தெரியாது. சோதனைக் கணினியில் தேறி, இரண்டு சீரியல் போர்ட் உள்ள கணினியில் போய் விழும் ரகம்.

ஒற்றை த்ரெட் என்றால் முதல் விடையை எஸ்டிஆர்டூப்பால் நகலெடுத்துக்கொண்டு அடுத்ததை அழையுங்கள். பல த்ரெட்கள் என்றால் நகலெடுக்கிற இடைவெளியில்கூட அழியலாம். பஃபரை நாமே கொடுக்கும் வடிவமான டிடிஒய்நேம்_ஆர் தவிர வழியில்லை. டிடிஒய்நேம் தந்த பாயிண்டரை ஃப்ரீ செய்யாதீர்கள், அது உங்களுடையது அல்ல.

அறிகுறி: டிடிஒய்நேம்_ஆர் தோற்கிறது, ஆனால் பிழை பிடிபடவில்லை

இதன் வழக்கம் வேறு. வெற்றி என்றால் 0. தோல்வி என்றால் பிழை எண்ணையே திருப்பித் தரும், -1 அல்ல. '-1 ஆ?' என்று சோதிக்கும் நிரல் எந்தத் தோல்வியையும் பார்க்காது, பஃபரில் இருக்கும் குப்பையைப் பெயராக எடுத்துக்கொண்டு நடக்கும். 0 இல்லையென்றால் தோல்வி என்று எழுதுங்கள். செய்திக்கு எர்நோவை நம்பாமல், திரும்பி வந்த எண்ணை எஸ்டிஆர்எர்ரரிடம் கொடுங்கள்.

திரும்பி வந்தது 34 என்றால் ஈரேஞ்ச், பஃபர் போதவில்லை. '/டெவ்/பிடிஎஸ்/9' என்பதற்கு 10 எழுத்துகளும் முடிவுக் குறிக்கு ஒன்றும் சேர்த்து 11 பைட் வேண்டும். யாரோ எண்ணிப் பார்த்து 11 என்று வைத்திருப்பார். தனியாக வேலை செய்யும்வரை ஓடும். பத்துப் பதினைந்து டெர்மினல் திறந்திருக்கும் சர்வரில் 10-ஆம் எண் கிடைக்கும் நாளில் 12 பைட் தேவைப்பட்டு நிற்கும். பாசிக்ஸ் தரம் உறுதி தருகிற குறைந்தபட்ச அளவு வெறும் 9 பைட், லினக்ஸில் அது எதற்கும் உதவாது. சிஸ்கான்ஃபிடம் _எஸ்சி_டிடிஒய்_நேம்_மேக்ஸ் கேட்டால் ஜிலிப்சி 32 என்கிறது. எங்களைக் கேட்டால் 128 பைட் ஒரு அரேயை ஸ்டாக்கில் போட்டுவிட்டு இந்தக் கணக்கையே மறந்துவிடலாம்.

அறிகுறி: இஸ்ஏடிடிஒய் 'ஆம்' என்கிறது, டிடிஒய்நேம் நல் தருகிறது

இது மிகவும் குழப்புகிற ஒன்று. இரண்டு ஃபங்ஷன்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். ஆனால் இஸ்ஏடிடிஒய் கேட்பது 'இது டெர்மினலா' என்பதை மட்டும். டிடிஒய்நேம் அதற்குமேல் ஒரு பெயரையும் கண்டுபிடித்து, அந்தப் பெயர் இதே சாதனத்தைத்தான் குறிக்கிறதா என்று சரிபார்க்கவும் வேண்டும்.

சரிபார்ப்பு இப்படி நடக்கிறது. முதலில் /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி/0 என்ற இணைப்பை ரீட்லிங்க் மூலம் படிக்கும். '/டெவ்/பிடிஎஸ்/3' என்று கிடைக்கும். பிறகு அந்தப் பாதையை ஸ்டாட் செய்து, கையிலுள்ள எஃப்டியை எஃப்ஸ்டாட் செய்து (இரண்டும் கோப்பின் விவரங்களை எடுக்கும் அழைப்புகள்), ஐநோடு எண், அது இருக்கும் கோப்பு அமைப்பு, சாதன எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். ஒத்துப்போகவில்லை என்றால் /டெவ்/பிடிஎஸ், /டெவ் அடைவுகளைத் துழாவும். அங்கேயும் இல்லை என்றால் கைவிரிக்கும். எர்நோ 19, அதாவது ஈநோடெவ்.

ஏன் ஒத்துப்போகாது? கன்டெய்னருக்குத் தனி டெவ்பிடிஎஸ் (/டெவ்/பிடிஎஸ் கீழ் தெரியும் டெர்மினல்களின் கோப்பு அமைப்பு) இருக்கும். வெளியே திறந்த டெர்மினலை எஃப்டியாக உள்ளே எடுத்துப் போனால், உள்ளே '/டெவ்/பிடிஎஸ்/3' இல்லாமல் இருக்கலாம். அதைவிட ஆபத்தாக, அதே பெயரில் வேறொரு டெர்மினல் இருக்கலாம். இரண்டாவது நிலையில் பெயரை நம்பித் திறந்தால் இன்னொருவர் திரையில் எழுதுவீர்கள். ஆகவே இங்கே நல் தருவதுதான் நியாயமான பதில். என்எஸ்என்டர், எல்எக்ஸ்சி, க்ரூட் போல ப்ராசஸுக்கு வேறு கோப்பு அமைப்பைக் காட்டும் கருவிகள் எல்லாவற்றிலும் இதே கதை.

உறுதிப்படுத்த, கெர்னல் அழைப்புகளை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு ஓட்டுங்கள். டிசிகெட்அட்ர் உள்ளே அழைக்கும் டிசிகெட்ஸ் ஐஆக்டில் 0 தந்து வெற்றி பெறும். அடுத்து ரீட்லிங்க் பாதையைத் தரும். அதன்பின் ஸ்டாட் தோற்கும், அல்லது ஸ்டாட் வென்றும் அடைவுத் தேடல் தொடங்கும். இந்த வரிசை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு, முடிந்தவரை, பெயர் இல்லாமல் வேலையை முடிப்பது. எஃப்டி கையில் இருக்கிறதே, எழுதவும் படிக்கவும் டெர்மினல் அமைப்புகளை மாற்றவும் அது போதும். பெயர் தேவைப்படும் பிற ப்ரோக்ராம்களுக்காக என்றால், கன்டெய்னருக்குள்ளேயே ஒரு புதிய சூடோ டெர்மினலை உருவாக்குங்கள். ஸ்கிரிப்ட் கட்டளையை '/டெவ்/நல்' என்ற பெயரோடு ஓட்டினால் அதையே செய்யும். டெர்மினலின் மாஸ்டர் முனை (அதை உருவாக்கிய ப்ரோக்ராம் பிடித்திருக்கும் பக்கம்; உள்ளே ஓடுவது பார்க்கும் பக்கம் ஸ்லேவ்) உங்கள் கையில் இருந்தால், லினக்ஸ் 4.13 முதல் டிஐஓசிஜிபிடிபியர் ஐஆக்டில் பாதையே இல்லாமல் ஸ்லேவ் முனையைத் திறந்து தரும்.

/ப்ராக் ஏற்றப்படாத குறுகிய க்ரூட்டில் ஒரு வேறுபாடு: ஜிலிப்சி அடைவைத் தேடியாவது பெயரைக் கண்டுபிடிக்கும். ஆல்பைனில் உள்ள மஸல் நூலகம் தேடாது, /ப்ராக் இல்லையென்றால் அங்கேயே தோல்வி. ஒரே நிரல் டெபியனில் ஓடி ஆல்பைனில் நின்றால் முதலில் /ப்ராக் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: எப்போதும் '/டெவ்/டிடிஒய்' என்றே வருகிறது

0, 1, 2 மூன்றும் திருப்பப்பட்டிருக்கின்றன, ஆகவே /டெவ்/டிடிஒய்யைத் திறந்து அதன் எஃப்டியைக் கொடுக்கலாம் என்று தோன்றும். கிடைப்பது திறந்த அதே பெயர். சிடெர்ம்ஐடி ஃபங்ஷனும் அதே பொதுப் பெயரைத்தான் சொல்லும். எந்த ப்ராசஸ் திறந்தாலும் 'உன் கன்ட்ரோலிங் டெர்மினல்', அதாவது அதன் செஷனோடு இணைந்த டெர்மினல், என்று பொருள்படும் மாற்றுப்பெயர் அது.

உண்மையான பெயர் வேண்டும் என்றால் /ப்ராக்/செல்ஃப்/ஸ்டாட் கோப்பின் 7-ஆவது புலத்தைப் படிக்க வேண்டும். இடைவெளியை வைத்து எண்ணாதீர்கள்: 2-ஆவது புலம் அடைப்புக்குறிக்குள் வரும் ப்ரோக்ராம் பெயர், அதற்குள் இடைவெளியும் அடைப்புக்குறியும்கூட இருக்கலாம். வரியின் கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பிறகு எண்ணினால் 5-ஆவது வருவதுதான் தேவை. அதில் 15 முதல் 8 வரையான பிட்டுகள் மேஜர் எண் (எந்த வகைச் சாதனம் என்பது; மைனர் எண் அந்த வகையில் எது என்பது). 31 முதல் 20 வரையும் 7 முதல் 0 வரையும் சேர்ந்து மைனர் எண்.

34816 என்று வந்தால் அது 136 பெருக்கல் 256. மேஜர் 136, மைனர் 0, அதாவது /டெவ்/பிடிஎஸ்/0. 34819 என்றால் /டெவ்/பிடிஎஸ்/3. 1025 என்றால் மேஜர் 4, மைனர் 1, முதல் விர்ச்சுவல் கன்சோல். 1088 என்றால் மேஜர் 4, மைனர் 64, முதல் சீரியல் போர்ட். 34816-ஐக் கழித்தால் போதும் என்று சுருக்காதீர்கள், 256-ஆவது டெர்மினலில் மைனரின் மேல் பிட்டுகள் 20-ஆம் இடத்துக்குத் தாவிவிடும்.

0 என்று வந்தால் கன்ட்ரோலிங் டெர்மினலே இல்லை. அப்போது /டெவ்/டிடிஒய்யைத் திறந்தாலும் எர்நோ 6, ஈஎன்எக்ஸ்ஐஓ. பிஎஸ் பட்டியலில் அந்த ப்ராசஸுக்கு நேரே கேள்விக்குறி இருக்கும்.

அறிகுறி: பெயர் வருகிறது, எதிர்பார்த்தது அல்ல

டிமக்ஸ், ஸ்கிரீன், ஸ்கிரிப்ட் ஆகியவை ஒவ்வொன்றும் தனக்கென்று புதிய சூடோ டெர்மினலை உருவாக்குகின்றன. உள்ளே ஓடும் ப்ரோக்ராமுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். சுடோ 1.9.14 முதல் இயல்பாகவே கட்டளையைத் தனி டெர்மினலில் ஓட்டுவதால், 'டிடிஒய்' ஒரு பெயரும் 'சுடோ டிடிஒய்' வேறொரு பெயரும் சொல்வது கோளாறு அல்ல. வெளியே உள்ள எஸ்எஸ்எச் டெர்மினல் வேண்டும் என்றால் 'எஸ்எஸ்எச்_டிடிஒய்' சூழல் மாறி உண்டு. டிமக்ஸை விட்டு மறுபடி இணைந்தவர்களிடம் அது பழைய பெயராக இருக்கும், கவனம்.

'பிடிஎம்எக்ஸ்' என்று முடியும் பெயர் வந்தால் நீங்கள் கொடுத்தது மாஸ்டர் முனை. லினக்ஸில் அதுவும் இஸ்ஏடிடிஒய் சோதனையில் தேறிவிடும். ஸ்லேவின் பெயர் பிடிஎஸ்நேம் மூலம்தான் கிடைக்கும். வரிசை: பாசிக்ஸ்_ஓப்பன்பிடி, கிராண்ட்பிடி, அன்லாக்பிடி, பிடிஎஸ்நேம், பிறகு ஓப்பன். அன்லாக்பிடியை விட்டுவிட்டால் பெயர் ஒழுங்காக வரும், ஓப்பன் மட்டும் எர்நோ 5 தந்து தோற்கும்.

அறிகுறி: பெயர் சரி, திறக்க முடியவில்லை

எர்நோ 13, அதாவது அனுமதி மறுப்பு. ஒரு பயனராக நுழைந்து எஸ்யூ மூலம் இன்னொருவராக மாறினால், /டெவ்/பிடிஎஸ்/0 இன்னும் முதல் பயனரின் பெயரில், வழக்கமாக 0620 அனுமதியோடு இருக்கும். எஃப்டி பரம்பரையாக வந்ததால் வேலை செய்கிறது. பெயரைச் சொல்லிப் புதிதாகத் திறந்தால் அனுமதி பார்க்கப்படுகிறது. சாதனக் கோப்பின் அனுமதியை 666 ஆக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள், அந்தக் கணினியில் உள்ள எல்லாரும் உங்கள் டெர்மினலில் தட்டுவதைப் படிக்க முடியும். இருக்கும் எஃப்டியை டூப் செய்யுங்கள், அல்லது /டெவ்/டிடிஒய்யைத் திறங்கள். அதன் அனுமதி எல்லாருக்கும் திறந்தது, அதன் வழியாகப் போனால் பின்னாலுள்ள பிடிஎஸ் கோப்பின் அனுமதி கேட்கப்படுவதில்லை.

அறிகுறி: கொஞ்ச நேரம் வேலை செய்தது, பிறகு எர்நோ 5

டெர்மினல் போய்விட்டது. ஜன்னலை மூடினாலோ, எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலோ, யூஎஸ்பி சீரியல் கம்பியைப் பிடுங்கினாலோ கெர்னல் அந்த எஃப்டியைத் துண்டித்துவிடும். அதன்பின் டிசிகெட்அட்ர் ஈஐஓ தரும், டிடிஒய்நேம் அதோடு நின்றுவிடும். இஸ்ஏடிடிஒய்யும் 'இல்லை' என்றே சொல்லும், ஆகவே 'இது டெர்மினல் இல்லை' என்பதையும் 'டெர்மினலாக இருந்து செத்துப்போனது' என்பதையும் எர்நோவை வைத்துத்தான் பிரிக்க முடியும்: 25 முதலாவது, 5 இரண்டாவது.

டெர்மினல் போனதும் வரும் சிக்ஹப் சிக்னலைப் புறக்கணித்து ஓடும் நீண்ட வேலைகளில் பெயர் லாக்குக்குத் தேவை என்றால், தொடக்கத்திலேயே ஒருமுறை கேட்டு நகலெடுத்து வையுங்கள். ஆனால் அந்த நகலை வைத்துப் பிற்பாடு எதையும் திறக்காதீர்கள். பிடிஎஸ் எண்கள் மறுபடி பயன்படுத்தப்படும், ஒரு மணி நேரம் கழித்து அதே /டெவ்/பிடிஎஸ்/3 வேறு யாருடையதாகவோ இருக்கும். யூஎஸ்பி சீரியலில் பிடுங்கிச் செருகினால் 0 இருந்த எண் 1 ஆகலாம். /டெவ்/சீரியல்/பை-ஐடி கீழுள்ள நிலையான பெயரால் திறந்திருந்தாலும் டிடிஒய்நேம் இணைப்பைத் தாண்டி உண்மையான சாதனத்தின் பெயரைத்தான் சொல்லும். மறுபடி இணைக்க வேண்டிய ப்ரோக்ராம், தான் திறந்த பெயரைத் தானே நினைவில் வைத்திருக்க வேண்டும்.